மர்லியாவோடு போன சன்னி

பதுளை
12.3.1982

அன்பு மருமகன் பாறூக்குக்கு ஸலாம்.

இந்தத் தாளைக் கிழிக்காமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டீர்கள் என்றால் அதுவே எனக்குப் பெரிய மரியாதை. நான் ஏழாம் வகுப்பின் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவன். வாயால் பேசினால் கொட்டிவிடுவேன், எழுதினால் யோசிக்க நேரம் கிடைக்கும் என்று உங்கள் மாமிதான் தாளும் பேனையும் வாங்கித் தந்தாள். யோசித்ததில் நாலு தாள் வீண். இது ஐந்தாவது.

மர்லியா மௌத்தாகி ஐந்து மாதம். நாற்பதாம் நாள் கத்தம் ஓதக் கொஸ்லந்தைக்கு வந்தபோது உங்கள் வாசலில் வைத்து நான் சொன்னதை ஊரே கேட்டது. "என் மகள் ஏறிப் போகத்தான் கார் கொடுத்தேன். நீங்கள் காரை வாடகை ஹயருக்குக் கொண்டுபோய்விட்டு, வலி வந்தவளைத் தேயிலைக் கொழுந்து லொறியில் போக வைத்தீர்கள், அவள் வழியிலேயே போய்விட்டாள்." நான் சொன்னதைத் திரும்ப வாங்க இதை எழுதவில்லை. சொன்ன இடமும் நேரமும் பிழை. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். இங்கே பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். உம்மா இல்லாத பெண்பிள்ளையை உம்மாவின் உம்மா வளர்க்க உரிமை இருக்கிறதாம், பள்ளிவாசல் லெப்பை மார்க்கச் சட்டக் கிதாபைத் திறந்து காட்டினார். ஸல்மாவுக்கு ஐந்து வயது. நீங்கள் கடையையும் பார்த்துக்கொண்டு அவளுக்குத் தலையும் பின்னி விடுவீர்களா? அவளை எங்களிடம் விடுங்கள். உங்களோடு சண்டை போட்டு வாங்க விருப்பம் இல்லை. ஆனால் வாங்காமல் விடவும் மாட்டேன்.

போன பெருநாளுக்கு மர்லியாவோடு வந்தபோது ஸல்மா என்னைக் கேட்டாள், "மூத்தாப்பா, காருக்கு சன்னி எண்டு பேர் வெச்சது யாரு?" எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை, நான்தான் வைத்தேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு கொழும்பில் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் விற்கும் லத்தீப்பிடம் விசாரித்தேன். அறுபத்தாறில் ஜப்பானில் இந்தக் கார் வெளியே வருமுன், பெயர் சொல்லுங்கள் என்று ஊர் மக்களையே கேட்டார்களாம். எண்பது லட்சத்துக்கு மேல் கடிதம் வந்ததாம். அவ்வளவு பேர் உட்கார்ந்து ஒரு சின்னக் காருக்காக எழுதியிருக்கிறார்கள். நமக்கு ஒன்று எழுத ஐந்து மாதம். இதை ஸல்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். பெயர் வைத்தது நான் இல்லை என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

உங்கள் மாமா
புஹாரி


கொஸ்லந்த
30.3.1982

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஸல்மாவைத் தரமாட்டேன்.

நீங்கள் கொடுத்த சீதனம் கார் ஒன்றுதான். அதைத் திருப்பி அனுப்புகிறேன். அழகையா என்பவர் கொண்டுவருவார். பூனாகலைத் தோட்டத்துக்காரர், நம்பிக்கையானவர். பிறேக் பார்த்து, எண்ணெய் மாற்றித்தான் அனுப்புகிறேன். அதை எடுத்துக்கொண்டு விண்ணப்பத்தை வாபஸ் வாங்குங்கள். எனக்கு அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

காரின் கதை இருந்த பகுதியை ஸல்மாவுக்கு வாசிக்கவில்லை. இனி எழுதவும் வேண்டாம்.

பாறூக்


கொஸ்லந்த
11.4.1982

மருமகன் பாறூக்குக்கு,

மேலே போட்டிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்தீர்களா? உங்கள் கடைக்கு முன்னால், காருக்குள் இருந்துதான் இதை எழுதுகிறேன். நீங்கள் வெல்லவாயச் சந்தைக்குப் போயிருப்பதாகப் பக்கத்துக் கடையில் சொன்னார்கள். கார் இங்கேயே நிற்கும். சாவி உங்கள் பள்ளிவாசல் மோதினாரிடம் இருக்கும். நான் பஸ்ஸில் திரும்பிப் போகிறேன்.

போன வாரம் உங்கள் அழகையா வந்தார். "வாங்க தம்பி, உட்காருங்க, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றேன்.

"வேணாங்க."

"எங்கூட்டு டீயும் ஒங்க தோட்டத்துல இருந்து வந்ததுதான். பயப்படாமக் குடிங்க."

"இல்லீங்க. நான் போறேங்க."

சாவியை என் கையில் தரவில்லை. படியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "தம்பி, நான் சாமி இல்ல, வெறும் டிரைவர்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் போய்விட்டார். என் பகிடிக்கு மனிதர் அழுவது இதுதான் முதல் தடவை.

மகன், நம் ஆட்களில் சீதனத்தை எப்போது திருப்பிக் கொடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? தலாக் சொன்னால். உயிரோடு இருக்கும் பெண்ணை வேண்டாம் என்று சொன்னவன்தான் சாமானைத் திருப்பி அனுப்புவான். மௌத்தான பெண்ணுக்கு யாராவது தலாக் சொல்வார்களா? கார் என் வாசலில் நின்ற ஏழு நாளும் உங்கள் மாமி முன்கதவைத் திறக்கவில்லை. பின்பக்கத்தால்தான் போய் வந்தாள். அதனால் கொண்டுவந்து விட்டேன். இது மர்லியாவுடையது. மர்லியா உங்களுடையவள். அந்தக் கணக்கு அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று. கார் வந்து நின்ற சத்தத்துக்கு, பக்கத்து வீட்டாரோடு இருந்த ஸல்மா யன்னலில் முகத்தைக் காட்டினாள். நான் கையை ஆட்டினேன். என்னைப் பார்த்தாளோ இல்லையோ, உள்ளே ஓடிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கூப்பிட்டேன், வரவே இல்லை. பிள்ளைக்கு என்னைக் கண்டால் ஓடப் பழக்கியிருக்கிறீர்கள். நீங்கள் என்னை அடித்திருந்தாலும் இவ்வளவு நொந்திருக்காது.

எழுத வேண்டாம் என்றீர்கள், ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. லத்தீப் சொன்னது: நம் சன்னி ஆயிரம் சீசீ எஞ்சினோடு வந்த அதே வருடம் போட்டிக் கம்பனிக்காரன் தன் காருக்கு ஆயிரத்து நூறு போட்டு, அந்த நூறு கூடுதல் என்று விளம்பரம் செய்தானாம். எழுபதில் சன்னிக்காரன் ஆயிரத்து இருநூறு போட்டு, பக்கத்து வீட்டுக் கார் சின்னதாய்த் தெரியும் என்று பதில் விளம்பரம் செய்தானாம். ஜப்பானிலும் சம்பந்தி வீடுகள் இருக்கும்போல.

புஹாரி


கொஸ்லந்த
28.4.1982

மாமா அவர்களுக்கு,

கார் நாளைக்கு மறுபடி வரும். தயவுசெய்து அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம். கடைவீதியில் சிரிக்கிறார்கள்.

பிள்ளைக்கு நான் எதையும் பழக்கவில்லை. உங்களைப் பற்றி இந்த வீட்டில் ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை.

உங்கள் பள்ளிவாசலில் இருந்து கடிதம் வந்தது. ஜூன் முதல் வெள்ளி ஜும்மாவுக்குப் பிறகு பிள்ளையோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையை விடச் சொன்னால் நான் அவளைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டே போய்விடுவேன். எங்கே என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதை மிரட்டலாக எழுதவில்லை. என்னால் வேறு செய்ய முடியாது.

பாறூக்


பதுளை
9.5.1982

மருமகனுக்கு,

கார் வந்தது. இந்த முறை அழகையா வாசல் வரைக்கும்கூட வரவில்லை. தெருமுனையில் நிறுத்திவிட்டு, எதிரே வந்த ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சரி, என்ன செய்வது. நான் ஓட்டிக்கொண்டிருந்த அஸீஸ் ஹாஜியாரின் லொறியை விட்டுவிட்டுக் காரைக் கொண்டுபோய்ப் பழையபடி ஹயர் நிறுத்தத்தில் போட்டேன். சீதனமாகக் கொடுத்து ஏழு வருடத்துக்குப் பிறகு. ஸமீம் என்று எனக்குப் பிறகு வந்த டிரைவர் ஒருவன், வாய் கூடியவன். "என்ன நானா, சீதனம் புகுந்த ஊட்டுல கோவிச்சிக்கிட்டு வந்திருச்சா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அவன் இன்னொன்று சொல்லுவான்.

ஆனால் மகன், அந்த நிறுத்தத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். மடுல்சீமைப் பாதையில் மழைக்காலத்தில் எந்தக் காரும் ஏறாது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி, தோட்டத்து லொறி இல்லை என்று யாராவது ஓடிவந்தால் மற்றவர்கள் ரயரைப் பார்ப்பார்கள், வானத்தைப் பார்ப்பார்கள். நான் எழும்பிவிடுவேன். சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் ஓடுவேன். முதலில் என் பழைய ஒஸ்டின் காரில், பிறகு தோட்டத்து டொக்டரிடம் வாங்கிய இந்தச் சன்னியில். இருபது வருடத்தில் ஒரு பிரசவ ஹயரை மறுத்தவன் இல்லை. இரண்டு பிள்ளைகள் காருக்குள்ளேயே பிறந்தன. அதில் ஒரு பெண்பிள்ளைக்கு என் பெயரை வைக்கப் பார்த்தார்கள், நான்தான் கெஞ்சித் தடுத்தேன். இந்தக் கதைகளைச் சொல்லித்தான் மர்லியாவுக்குச் சோறு ஊட்டுவேன்.

அப்படிப்பட்ட கார், நான் பெற்ற பிள்ளைக்கு வலி வந்தபோது எங்கே போயிருந்தது? பூனாகலைப் பக்கம் போயிருந்தது என்று மட்டும் கேள்விப்பட்டேன். கல்யாண ஹயரா? தோட்டத்து ஐயா யாராவது ஊர் சுற்றக் கூப்பிட்டாரா? ஒன்பது மாதம் ஆன மனைவியை விட்டுவிட்டுப் போகும் அளவுக்கு அது யார்? நீங்கள் இதுவரை சொல்லவில்லை. சொல்லாத மனிதரிடம் பிள்ளையை எப்படி விடுவது? ஜூன் மாதம் பள்ளியில் இதைத்தான் கேட்பேன்.

புஹாரி


கொஸ்லந்த
27.5.1982

மாமா,

இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். மாமிக்கு வாசித்துக் காட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

அன்று காலை எட்டு மணி இருக்கும், நல்ல மழை. பூனாகலையில் இருந்து ஒருவர் நனைந்துகொண்டு ஓடிவந்தார். மனைவிக்கு முதல்நாளில் இருந்து வலி, பிள்ளை வரவில்லை, தோட்டத்து லொறி மண்சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது என்றார். நான் முடியாது என்றேன். "என் வீட்டிலயும் மாசம் நெறஞ்சி இருக்கு அண்ணன், வேற யாரையும் பாருங்க" என்றேன். அவர் போகவில்லை. கடைப்படியிலேயே நின்றார்.

மர்லியா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டு இருந்தாள். வெளியே வந்தாள். "போங்க" என்றாள்.

"உன்னைய விட்டுட்டா?"

"எனக்கு இன்னம் ரெண்டு கிழமை இருக்கு. வாப்பாவா இருந்தா இந்நேரம் செருப்புக்கூடப் போடாம ஓடியிருப்பாங்க. நீங்க நிண்டு கதைச்சிக்கிட்டு இருக்கீங்க."

நான் அப்போதும் அசையவில்லை. "போகலேண்டா வாப்பாக்கு எழுதுவன், ஒங்க மருமகன் பிரசவ ஹயர மறுத்தாரு எண்டு" என்று சிரித்தாள். சாவியை அவளே எடுத்துத் தந்தாள்.

போனேன். லெட்சுமி என்ற அந்தப் பெண்ணையும் அழகையாவையும் ஏற்றிக்கொண்டு பண்டாரவளைக்குப் போனேன். பிள்ளையும் தாயும் பிழைத்தார்கள். ஆம், உங்கள் வாசலில் கும்பிட்டவர்தான். நான் கேட்காமலேயே, காரை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார். உங்களிடம் தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னார். சொல்ல முடியாமல் திரும்பி வந்தார்.

நான் போய் ஒரு மணித்தியாலத்தில் மர்லியாவுக்கு இரத்தம் போகத் தொடங்கியது. பக்கத்து வீட்டார் லொறியைத் தேடி ஓடினார்கள். அவள் ஸல்மாவை யன்னலில் உட்காரவைத்து, "வாப்பாட கார் சத்தம் கேட்டா உம்மாக்குச் சொல்லுங்க" என்று சொல்லியிருக்கிறாள். பிள்ளை பத்தரை மணி வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். கொழுந்து லொறிதான் வந்தது.

நான் ஏறிப் போன வழியிலும் மண் சரிந்ததால் நான் அப்புத்தளை வழியாகத் திரும்பினேன். பெரகலைக்குக் கிட்ட அந்த லொறி ஓரமாக நின்றது. ஏன் நிற்கிறது என்று இறங்குவதற்கு முன்பே எனக்கு விளங்கியது. வயிற்றுப் பிள்ளையோடு அவளைக் காரில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஸல்மா சத்தம் கேட்டு, "உம்மா, கார் வந்திட்டு" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள். கதவைத் திறந்தது அவள்தான்.

அதற்குப் பிறகு அந்தக் கார் சத்தம் கேட்டால் ஒளிந்துவிடுகிறாள். உங்களைக் கண்டு ஓடவில்லை மாமா. காரை அனுப்பியது தலாக்குக்காகவும் இல்லை.

உங்களிடமும் மாமியிடமும் ஏன் சொல்லவில்லை என்றால், உங்கள் பழக்கத்தால்தான் உங்கள் மகள் போனாள் என்று எந்த வாயால் சொல்வது. பழி என் பக்கம் இருந்தால் நான் தாங்கிக்கொள்வேன் என்று நினைத்தேன். நீங்கள் பிள்ளையைக் கேட்காமல் இருந்திருந்தால் கடைசி வரைக்கும் சொல்லியிருக்கமாட்டேன்.

பாறூக்


பதுளை
7.7.1982

மகன் பாறூக்குக்கு,

ஆறு கிழமையாகப் பதில் போடவில்லை. உங்கள் கடிதத்தை நோன்பு தொடங்கிய பிறகுதான் மாமிக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் என்னால் முடியவில்லை, அவளே வாங்கி வாசித்தாள். மடித்து மர்லியாவின் உடுப்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நோன்புக் கஞ்சிக்கு அரிசி கழுவப் போனாள்.

விண்ணப்பத்தை அந்த வெள்ளிக்கு முன்பே வாபஸ் வாங்கிவிட்டேன். இதற்குள் உங்களுக்கும் அறிவித்திருப்பார்கள். பள்ளிவாசல் தலைவர், "புஹாரி நானாவுக்கு என்ன நடந்தது, பிள்ளை வேண்டாமா?" என்று கேட்டார். பிள்ளைக்கு வாப்பா இருக்கிறார் என்றேன். அது மார்ச் மாதம் உங்களுக்குத் தெரியவில்லையா என்றார். எனக்கு எல்லாமே கொஞ்சம் பிந்தித்தான் தெரியும் என்றேன்.

இனி எழுதுவதை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

செருப்புப் போடாமல் ஓடுவேன் என்று எழுதினேன் அல்லவா. மர்லியாவும் அதைத்தான் உங்களிடம் சொன்னாள். அது பொய், மகன். நான் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வேன். டீ ஊற்றியிருந்தால் குடித்து முடிப்பேன். ரயருக்குக் காற்று பார்ப்பேன். இருபது வருடத்தில் மறுத்ததே இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. மர்லியாவுக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்தபோது ஒரு ஆள் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வீட்டில் இல்லை என்று மாமியை விட்டுச் சொல்ல வைத்தேன். இதையெல்லாம் சோறு ஊட்டும்போது சொல்ல முடியுமா? பிள்ளை சிரிக்க வேண்டும், வாயைத் திறக்க வேண்டும், வாப்பா பெரிய ஆள் என்று நினைக்க வேண்டும். கதையில் செருப்பைக் கழற்றிவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். அவள் அந்த மனிதனை நம்பிக்கொண்டு சாவியை எடுத்துத் தந்திருக்கிறாள்.

நான் ஹயருக்குப் போனபோதெல்லாம் என் வீட்டில் எல்லோரும் சுகமாக இருந்தார்கள். அவள் தன்னையே வீட்டில் விட்டுவிட்டு அனுப்பினாள். என்னைவிட அவள்தான் அந்தக் கதையில் வரும் ஆள்.

போன புதன்கிழமை காலை நிறுத்தத்துக்கு மடுல்சீமையில் இருந்து ஒருவர் வந்தார். நேராக என்னிடம் வந்தார். யாரோ என் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "சம்சாரத்துக்கு வலி எடுத்துருச்சுங்க. ரோடு மோசம்னு யாரும் வர மாட்டேங்குறாங்க. நீங்க வருவீங்கன்னு சொன்னாங்க."

"கார் ஓடாது தம்பி. கியர் விழுகுதில்ல" என்றேன்.

காருக்கு ஒன்றும் இல்லை. பதினாலு வயது, இன்னும் தொட்டவுடன் எழும்பும். நோன்பு வாயோடு பொய் சொன்னேன். ஸமீமுக்குத் தெரியும், அன்று காலைதான் என் காரில் சந்தைக்குப் போய் வந்தான். என்னைப் பார்த்தான். தன் காரை எடுத்துக்கொண்டு அந்த மனிதரோடு போய்விட்டான். மாலையில் வந்து, ஆம்பிளைப் பிள்ளை நானா, ரெண்டு பேரும் சுகம் என்று சொன்னான். அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

அன்றைக்கு நீங்கள் மறுத்தீர்கள் என்று எழுதியிருந்தீர்கள், வெட்கப்படுகிறவர்போல. வெட்கப்பட வேண்டாம். உங்கள் மனைவி நிறைமாதமாக இருந்தாள், நீங்கள் மறுத்தீர்கள். என் மகள் அப்போது உங்கள் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். வாப்பாவின் பேச்சைக் கேட்டுவிட்டாள். பெண்பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தானோ தெரியவில்லை. ஸல்மாவிடம் நீங்கள் பார்த்துப் பேசுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

லத்தீப் ஒரு செய்தி சொன்னார். அந்தக் கம்பனிக்காரர்கள் டட்சன் என்ற பெயரையே எடுத்துவிடப் போகிறார்களாம். உலகம் முழுக்க ஓடிய பெயர். இனி நிஸான் மட்டும்தானாம். புதுச் சன்னியில் முன்சக்கரம்தான் இழுக்குமாம். உள்ளே எல்லாம் மாறிவிட்டது, சன்னி என்ற பெயர் மட்டும் மிச்சம். இதில் ஏதாவது பகிடி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

காரை விற்கலாமா என்று மாமியைக் கேட்டேன். மகள் உட்கார்ந்து வந்த இடம், விற்காதீங்க என்றாள். ஓட்டவும் எனக்குக் கை வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் நிறுத்திச் சாக்குப் போட்டு மூடியிருக்கிறேன்.

பெருநாளுக்கு வாருங்கள் என்று கூப்பிட எனக்கு முகம் இல்லை. கூப்பிடவில்லை. ஆனால் அன்று காலை பெருநாள் தொழுகை முடிந்ததும் கொஸ்லந்த பஸ் வரும் நேரத்துக்கு பஸ் நிலையத்தில் நிற்பேன். நீங்கள் வராவிட்டாலும் பிழை இல்லை. ஒரு மனிதன் பஸ் பார்த்துக்கொண்டு நிற்பதில் யாருக்கும் நட்டம் இல்லை.

மாமா


கொஸ்லந்த
14.7.1982

மாமா,

பெருநாளன்று இங்கே தொழுதுவிட்டு வருகிறோம். பத்து மணி தாண்டிவிடும். இரண்டு நாள் இருப்போம். அதற்கு மேல் கடையை மூட முடியாது. ஸல்மாவுக்கு மாமி தலை பின்னி விடட்டும், எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.

பயணம் என்று சொன்னதும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். மூத்தாப்பா காரில் வந்து ஏற்றுவாரா என்று அங்கே இருந்தே கேட்டாள். இல்லை என்று சொன்னேன். மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் சொன்னேன். பிறகுதான் வெளியே வந்தாள்.

பஸ் நிலையத்தில் இருந்து உங்கள் வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியாது. கால் நோகும், தூக்கச் சொல்லுவாள். நீங்கள் தூக்குங்கள். வீட்டுக்குப் பின்பக்கம் மட்டும் கொண்டுபோக வேண்டாம்.

நடந்தே வாருங்கள்.

பாறூக்